மறு: ஸ்டேரிங் ஸ்டெபிலைசருக்குத் தமிழ்ச்சொல் – ‘உதறல் தணிப்பி’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம். போன மடல்ல ஐயா ஒருத்தர் ஸ்டேரிங் ஸ்டெபிலைசருக்கு "திசைமாற்றி நிலைநிறுத்தி"னு எழுதியிருந்தாரு. இலக்கணப்படி அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா அந்தப் பேரு பொருளைத் தப்பா காட்டுதுன்னு எனக்குப் படுது, பேரு தப்பானா வாங்கறவன் காசும் தப்பான எடத்துல போய்டுது, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் வேலூர்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கறவன். என் மச்சான் டெக்சஸ்ல ஒரு ஹெவி டியூட்டி பிக்கப் ஓட்றாரு, ஒரு பள்ளத்துல ஏறி எறங்குனா ஸ்டேரிங் கையில நிக்காம படபடன்னு ஆடுதாம், "மாமா, ஸ்டெபிலைசர் மாத்திட்டா வண்டி ஸ்டெபிலாயிடும்ல, எது வாங்கறது"ன்னு போன்ல கேட்டாரு. கேள்வியிலயே பேரு பண்ண வேலை தெரியுது பாருங்க.

அந்தப் பொருள் வேற ஒண்ணும் இல்ல, படுக்க வச்ச ஷாக் அப்சார்பர். எஃப்-250, ராம் 2500 மாதிரி 4x4 பிக்கப்புல முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து ஒரே முழு ஆக்சில், ஒரு சக்கரம் அடி வாங்குனா உதறல் மத்ததுக்கும் ஸ்டேரிங்குக்கும் போகும், அதைக் குறைக்கத்தான் இது. நம்மூர்ல 2023ல விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியும் அப்படித்தான், அதுலயும் இது இருக்கு. உள்ள ஆயில், ஆயிலுக்குள்ள ஒரு பிஸ்டன், பிஸ்டன்ல சின்னச் சின்ன ஓட்டை. மெதுவா ஸ்டேரிங் திருப்புனா ஆயில் ஓட்டை வழியா நிதானமா போய்டும், தடுக்கவே தடுக்காது. சக்கரம் வெடுக்குனு உதறுனாத்தான் ஆயிலால அவ்ளோ வேகமா போக முடியாம எதுத்து நிக்கும். ஏரித் தண்ணியில கையை மெல்ல விட்டா போகுது, பளார்னு அடிச்சா எதுக்குது இல்ல, அதே கதைதான். ஆக இது எதையும் நிலையா நிறுத்தல, உதறலைத் தணிக்குது, அவ்ளோதான்.

காட்பாடி பக்கம் பழக்கமான மெக்கானிக் அண்ணா ஒருத்தர் பட்டறையில கழட்டுன பழசு ஒண்ணு கெடந்துச்சு. ராடு வெளிய வர்ற வாய்கிட்ட ஆயில் கசிஞ்சு புழுதி ஒட்டி களி மாதிரி அப்பிக்கினு இருந்துச்சு. என் கையில குடுத்து "இழுத்துப் பாருணா"ன்னாரு. முதல்ல கனமா வந்துச்சு, நடுவுல ரெண்டு விரக்கடை தூரம் ஒண்ணுமே இல்லாம சடக்குனு போச்சு, அப்புறம் மறுபடி கனம். "இந்தக் காலி எடத்துலதான் ஸ்டேரிங் உதறிகினு இருக்கும்"னாரு. உதறுதுங்கற வார்த்தை அவர் வாயில தானா வந்தது, நான் கேக்கல. பத்து வண்டி வந்தா எட்டு டிரைவர் "ஸ்டேரிங் உதறுதுபா"ன்னுதான் சொல்றான். அந்தச் சொல்லை விட்டுட்டு நாம எங்கயோ தேடறோம்.

அதனால என் பரிந்துரை உதறல் தணிப்பி. ‘அடக்கி’ வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு, அடக்கின்னா முழுசா நிறுத்திடும்னு நம்பிடுவாங்க. காய்ச்சல் மாத்திரை சூட்டைத் தணிக்கும், நோயைத் தீக்காது, அந்த மாதிரி ட்ராக் பார் (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிச்சு வைக்கற கம்பி) புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு இந்த மூட்டுங்கள்ல ஏதாவது தேஞ்சு போயிருந்தாலோ, டயர் பேலன்ஸ் இல்லன்னாலோ புது தணிப்பி கொஞ்ச நாள் மறைச்சு வைக்கும், அப்புறம் அதுவும் போய் பழைய ஆட்டம் திரும்ப வந்துடும். மச்சான்கிட்ட முதல்ல ஒருத்தரை உக்கார வச்சு ஸ்டேரிங்கை இப்படி அப்படி ஆட்டச் சொல்லி, கீழ குனிஞ்சு ட்ராக் பார் மூட்டைப் பாருங்கன்னுதான் சொன்னேன்.

இன்னொரு விஷயம், வாயு அடைச்ச தணிப்பிய கையால அமுக்கி விட்டா தானா வெளிய வரும். அதை ஒத்தையா மாட்டுனா எந்நேரமும் ஒரு பக்கமா தள்ளிக்கினே இருக்கும், நேர் ரோட்ல வண்டி லேசா ஒதுங்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கனமா இருக்கற, வாயு இல்லாத ஆயில் வகைதான் ஒத்தையா போட நல்லது. நீளமும் பாக்கணும், ஸ்டேரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி ஃபுல் லாக் அடிச்சா ராடு முழுசா உள்ள போய் முட்டவும் கூடாது, முழுசா வெளிய இழுபடவும் கூடாது. இந்த ரெண்டு வகையையும் ‘வாயுத் தணிப்பி’, ‘எண்ணெய்த் தணிப்பி’ன்னு சுலபமா பிரிச்சுச் சொல்லலாம், ‘வாயு நிலைநிறுத்தி’ன்னு சொல்லிப் பாருங்க, என்னன்னே புரியாது.

ரெண்டு சொல்லையும் சேத்தா புணர்ச்சி விதிப்படி எப்படி எழுதறதுன்னு கேட்டிருந்தீங்க. சேத்து எழுதுனா உதறற்றணிப்பின்னு ஆகும், பட்டறையில ஒருத்தன் வாயிலயும் நுழையாது, பிரிச்சே எழுதிடலாம். ஒலிபெருக்கி, மின்மாற்றி மாதிரி இகரத்துல முடியறதால ‘தணிப்பான்’ விட ‘தணிப்பி’தான் எனக்குப் பிடிக்குது. இலங்கை நண்பர்கள் ஸ்டேரிங்குக்கு சுக்கான்னு சொல்றாங்க, அழகான சொல், ‘சுக்கான் உதறல் தணிப்பி’ன்னாலும் எனக்குச் சம்மதம்.

அடுத்து ட்ராக் பாருக்கு ஒரு சொல் வேணும். மெக்கானிக் அண்ணா ‘குறுக்குக் கம்பி’ங்கறாரு, ஆனா வண்டியில குறுக்கால போற கம்பி அது ஒண்ணு மட்டும் இல்லையே, யாராச்சும் யோசிச்சு எழுதுங்க.