சுமிதா ஆற்றுப் பரிசல்: ஜப்பானியக் கதையில் மனத்துயரை நம் மேடைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: பாலக்கோடு நாடகக்காரன்

வணக்கம். தருமபுரியில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களுமாகப் பதினொரு பேர் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு நாடகம் போட்டு வருகிறோம். இந்த முறை மனநலத்தைப் பொருளாக வைத்து, ஜப்பானிய இலக்கியத்திலிருந்து ஒன்றைத் தழுவலாம் என்று முடிவாகியிருக்கிறது. ஒசாமு தசாய் 1948இல் எழுதிய 'நிங்கென் ஷிக்காக்கு' நாவல்தான் எனக்கு முதலில் தோன்றியது. மனிதனாக இருக்கும் தகுதியை இழந்தவன் என்பது தலைப்பின் பொருள். மனிதர்களைக் கண்டு நடுங்கும் யோசோ, அந்த அச்சத்தை மறைப்பதற்காகவே கோமாளியாக நடிக்கிறான். பள்ளியில் உடற்பயிற்சிக் கம்பியில் தாவப்போவதுபோல் ஓடிவந்து மணலில் விழுகிறான், வகுப்பே சிரிக்கிறது, ஆனால் எல்லாரும் மந்தமானவன் என்று ஒதுக்கிவைத்த ஒரு பையன் மட்டும் அவன் முதுகைத் தொட்டு, "வேணும்னே, வேணும்னே" என்று முணுமுணுக்கிறான். அந்த ஒரு சொல்லில் யோசோவின் உலகம் தீப்பற்றிக்கொள்கிறது.

இந்தக் காட்சி மேடைக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. மற்றவை எல்லாம் மூன்று குறிப்பேடுகளில் ஒருவன் தனக்குள் பேசிக்கொள்வது. அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. மேடையில் தலைமுடியைக் கலைத்துக்கொண்டு ஒருவர் வந்தாலே நம் ஊரில் சிரிப்பொலி எழுந்துவிடுகிறது என்பது இன்னொரு கவலை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1: பென்னாகரம் கூத்து வீட்டுப் பிள்ளை

நாடகக்கார நண்பருக்கு வணக்கம். என் தாத்தாவும் சித்தப்பாவும் பாரதக் கூத்தில் வேடம் கட்டியவர்கள் என்பதால் என் யோசனை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தசாயை விட்டுவிட்டு 'சுமிதகாவா'வை எடுங்கள். 15ஆம் நூற்றாண்டில் மோத்தோமசா எழுதிய 'நோ' நாடகம் அது; பாட்டும் ஆட்டமும் முகமூடியும் கொண்ட ஜப்பானின் பழைய மேடைக்கலைதான் 'நோ'. ஆள் பிடிப்பவனால் கடத்தப்பட்ட மகனைத் தேடிக்கொண்டு, அன்றைய தலைநகரமான கியோத்தோவிலிருந்து கிழக்கே சுமிதா ஆற்றங்கரை வரைக்கும் சித்தம் கலங்கிய தாய் ஒருத்தி வந்து சேர்கிறாள். படகுக்காரன் அவளை உடனே ஏற்றிக்கொள்வதில்லை. தலைநகரத்திலிருந்து வந்த பைத்தியக்காரி என்றால் எங்களுக்குக் கொஞ்சம் ஆடிக்காட்டு, இல்லையென்றால் படகில் இடமில்லை என்கிறான். உங்கள் ஊரில் எழும் சிரிப்பொலியை அந்த நாடகம் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே மேடையில் ஏற்றி வைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அவள் ஆற்றுப் பறவைகளைப் பற்றிய பழம்பாடல் ஒன்றைச் சொல்லியே அவனை வெட்கப்பட வைத்துப் படகில் ஏறுகிறாள். அக்கரையில் கேட்கும் கூட்டப் பிரார்த்தனை எதற்காக என்று பயணி ஒருவர் கேட்க, சென்ற ஆண்டு இதே நாளில் இங்கே இறந்துபோன ஒரு பையனுக்காக என்று படகுக்காரன் துடுப்புப் போட்டுக்கொண்டே கதை சொல்கிறான். கரை சேர்ந்ததும் எல்லாரும் இறங்குகிறார்கள். அவள் மட்டும் எழவில்லை. அவனுக்கு என்ன வயது? பன்னிரண்டு. பெயர்? உமேவகாமாரு. அதன்பிறகு தாய் தேடி வரவில்லையா? வரவில்லை. இந்தக் கேள்வி பதிலைப் படிக்கும்போது, நம் கூத்தில் திரைக்குப் பின்னால் நிற்கும் வேடக்காரரைக் கதை நடத்தும் கட்டியங்காரன் விசாரிக்கும் முறைதான் என் காதில் ஒலித்தது. படகுக்காரனைக் கட்டியங்காரனாக்கி விடுங்கள். படகைப் பரிசலாக்கி விடுங்கள். ஒகேனக்கல்லையோ நாகமரைத் துறையையோ பார்த்திராதவர் உங்கள் பார்வையாளர்களில் இருக்கமாட்டார்.

ஓர் எச்சரிக்கை. நோ மேடையில் மூங்கில் கிளையைக் கையில் ஏந்தி வந்தால் அவள் சித்தம் கலங்கியவள் என்று பார்வையாளர் புரிந்துகொள்வார்கள். நீங்கள் அதற்கு ஈடாக வேப்பிலையைக் கொடுத்தீர்களானால், நம் சனங்கள் அம்மன் வந்திருக்கிறாள் என்று கைகூப்பிவிடுவார்கள்; நாடகம் அத்தோடு வேறு பக்கம் போய்விடும்.

மறுமொழி 2: ஓசூர் வாசகர்

ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவாவின் 'கப்பா' என்ற கதையையும் ஒருமுறை பாருங்கள். 1927இல் வந்தது. மனநோய் மருத்துவமனையில் இருக்கும் 23ஆம் எண் நோயாளி, கப்பா எனப்படும், முதுகில் ஆமை ஓடு கொண்ட கற்பனை நீர்வாழ் பிராணிகளின் நாட்டுக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறான். ஆனால் அத்தனை பேருக்கும் ஆமை ஓடு செய்வதற்குள் உங்கள் சந்தாப் பணம் தீர்ந்துவிடும்.

மறுமொழி 3: கிருஷ்ணகிரி செவிலியர்

மனநலப் பிரிவில் பணியாற்றிய அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பென்னாகரத்து அண்ணன் சொன்ன நாடகம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மகனை இழந்த தாயின் கலக்கம் துயரமே தவிர நோய் அன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு அதற்கு 'மனநல நாடகம்' என்று பெயர் வைத்தால், துக்கத்தில் இருப்பவரையெல்லாம் மருந்து சாப்பிடச் சொல்வதுபோலவும், பல மாதங்களாக உறக்கமும் பசியும் இல்லாமல் மனச்சோர்வில் கிடப்பவரைப் பார்த்து "உனக்கு என்ன குறை, யார் செத்துப்போனார்கள்" என்று கேட்பதுபோலவும் ஆகிவிடும். யோசோவுக்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு காரணமும் கிடையாது. சிரிக்க வைத்துக்கொண்டே உள்ளே மூழ்குகிறவன் அவன். அப்படிப்பட்டவர்களைத்தான் நாங்கள் பெரும்பாலும் பிந்திப் பார்க்கிறோம்.

இருந்தாலும் தசாயை எடுப்பதானால் மிகுந்த கவனம் வேண்டும். அந்த நாவல் தொடராக வந்துகொண்டிருந்த 1948 ஜூன் மாதத்திலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆசிரியரின் முடிவையும் யோசோவின் கதையையும் பிணைத்து அதையே உச்சக்காட்சியாக்கும் ஆசை எந்த இயக்குநருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். எப்படி இறந்தார் என்பதை மேடையிலோ துண்டறிக்கையிலோ சொல்லவும் வேண்டாம். அரங்கில் அதே எண்ணத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும். மாறாக, மோசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்தில் பாப்பகேனோ என்பவன் சாகத் துணியும்போது மூன்று சிறுவர்கள் வந்து வேறு வழியை நினைவூட்டுகிறார்கள். நெருக்கடியைக் கடந்துவந்தவர்களின் கதைகள் பிறரைக் காக்கக்கூடும் என்பதற்கு ஆய்வாளர்கள் அந்தப் பாத்திரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். துண்டறிக்கையின் அடியில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணை, அச்சிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விழாவில், கிழிந்த சட்டையோடு வந்த 'பைத்தியக்கார' வேடத்தின்மீது பிள்ளைகள் காகித உருண்டைகளை வீசிச் சிரித்தார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வெளியே போனார். அவருடைய தம்பி எங்கள் பிரிவில் சிகிச்சை பெற்றவர்.

மறுமொழி 4: பென்னாகரம் கூத்து வீட்டுப் பிள்ளை

செவிலியர் அம்மா சொன்னது சரி. துயரத்தை நோய் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆடிக்காட்டு என்று கேலி செய்த அதே படகுக்காரன்தான், தாயின் வேண்டுதலே இறந்தவனுக்கு நிறைவு தரும் என்று சொல்லிப் பிரார்த்தனைச் சேகண்டியை அவள் கையில் கொடுக்கிறான். நாடகத்தில் குணமாகிறவன் அவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றபடி, பையனைப் புதைத்த மண்மேட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்கும் இடத்தில் சிறுவன் ஒருவனை மேடையேற்ற வேண்டுமா என்பதில் மோத்தோமசாவுக்கும் அவருடைய தந்தை ஜெயாமிக்குமே கருத்து வேறுபாடு இருந்தது. பையன் வராமல் இருப்பதே நல்லது என்றார் தந்தை. அப்படித் தன்னால் நடத்த முடியாது என்றார் மகன்.

மறுமொழி 5: பாலக்கோடு நாடகக்காரன்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவோடு பேசினோம். பரிசல் கதையையே எடுக்கிறோம். 'மனநல நாடகம்' என்ற அடைமொழி சுவரொட்டியில் இருக்காது, 14416 இருக்கும். யோசோவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். அந்த ஒத்திகைக்குச் செவிலியர் அக்கா வந்து உட்கார ஒப்புக்கொண்டால் மட்டுமே அதைத் தொடங்குவோம். தாயின் கையில் கிளைக்குப் பதிலாகப் பையனின் சட்டை ஒன்று மடித்தபடி இருக்கும். பரிசலில் ஏறும்போதுகூட அவள் அதைப் பிரிக்கமாட்டாள். கட்டியங்காரன் "ஆடிக்காட்டு" என்று சொன்னதும் அரங்கம் சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடப் போகிறோம்; அந்தச் சிரிப்புக்கு அவள் மறுமொழி சொல்லப் போகிறாள் அல்லவா.

பையன் வரும் காட்சியை இரண்டு விதமாகவும் ஒத்திகை பார்த்தோம். குரல் மட்டும் கேட்டபோதுதான் எல்லாருக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் பையன் வேடத்துக்கென்று ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒருவனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டோம். அவனும் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டானாம். அவனிடம் யார் போய்ப் பேசுவது என்பதில்தான் இப்போது பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.