உப்புக்காற்றைத் தாங்குமா கண்ணாடிச் சிற்பம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் உறவுகளே. ராமேஸ்வரம் அருகே கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஆளுயரக் கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்து நிறுத்தி ஒரு சிற்பம் செய்கிறேன். கலர் கண்ணாடி இல்லை, டைக்ராயிக் பிலிம் ஒட்டிய சாதாக் கண்ணாடி. இந்த பிலிமில் சாயமே கிடையாது. மிக மெல்லிய படலங்கள் ஒளியைப் பிரித்து, ஒரு நிறத்தை உள்ளே விட்டு அதன் எதிர்நிறத்தைத் திருப்பி அனுப்பும். சாம்பிள் துண்டை வெயிலில் பிடித்தால் என் பக்கம் பொன்மஞ்சள், பின்னால் சுவரில் நீலம். கொஞ்சம் தள்ளி நின்றால் ரெண்டுமே வேறு. எதிர்வீட்டு அக்கா மஞ்சள் என்கிறார், மாமா நீலம் என்கிறார். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான், எனக்கு வேண்டியதும் அந்தச் சண்டைதான்!

1960களில் அமெரிக்கச் சிற்பி லாரி பெல், வெற்றிடத்தில் படலம் ஏற்றிய கண்ணாடிக் கனசதுரங்கள் செய்தார். அவை கூடத்துக்குள் இருப்பவை. இங்கே உப்பு சும்மா விடாது.

வினிகர் வாடை வரும் சிலிக்கான் பசை உலோகத்தை அரிக்கும் என்பதால், அந்த அமிலம் இல்லாத நியூட்ரல் சிலிக்கானும் உப்பில் எளிதில் துருப்பிடிக்காத 316 ரக ஸ்டீல் கிளாம்பும் யோசித்திருக்கிறேன். கடலோரத்தில் போட்டவர்கள் யாராவது உண்டா? பிலிம் ஓரத்தில் உப்பு ஏறாமல் எப்படி அடைப்பது? இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து லேமினேட் செய்ய மதுரையில் ஆள் இருக்கிறார்களா? கண்ணாடியைச் சூடாக்கி வலுவேற்றும் டஃபன் செய்தபின் அதை வெட்ட முடியாது, அதனால் அளவு சொல்லுமுன் கேட்டுக்கொள்கிறேன். பிலிமை முழு ரோலாக இல்லாமல் மீட்டர் கணக்கில் தரும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள், ரோல் வாங்க வசதியில்லை.