திரைக்குப் பின்னால் வண்ண ஒளி: நாமே செய்வது தகுமா?

தெம்பனிஸ்வாசி:
பிலிப்ஸ் 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆம்பிலைட்டைப் போல, திரையின் ஓர நிறங்களைப் பின்சுவரில் பரப்பும் விளக்கை எங்கள் நான்கறை வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டின் 55 அங்குலத் தொலைக்காட்சிக்கு நானே செய்து முடித்தேன். ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனியே மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை, அதை இயக்கும் டபிள்யூஎல்இடி மென்பொருள் ஏற்றிய இஎஸ்பி32 பலகை, வெளிக்கருவியிலிருந்து எச்டிஎம்ஐ கம்பி வழியே வரும் படத்திலிருந்து நிறத்தைப் பிரிக்க ஹைப்பீரியன் மென்பொருள் ஓடும் ராஸ்பெரி பை சிறுகணினி ஆகியவையே முக்கியப் பொருள்கள். மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் ஒரு சனிக்கிழமை அலைந்தால் போதும்.

ஈசூன்காரர்:
அலைச்சலுக்குப் பலன் இருக்கிறதா என்பதே என் கேள்வி. என் அம்மா தொலைக்காட்சிக்குள்ளேயே இருக்கும் மீவாட்ச் செயலியில் வசந்தம் ஒளிவழியின் நாடகம் பார்க்கும்போது, அந்தப் படம் உங்கள் எச்டிஎம்ஐ கம்பிக்கு வருவதே இல்லையே. பகல் வெளிச்சம் போன்ற 6500 கெல்வின் வெள்ளைப் பட்டையை ஒட்டினால் இருட்டில் கண் கூசுவது குறையும், படத்தின் நிறமும் கெடாது. மேலும், எங்கள் சுவர் இளம்பச்சை. அதில் சிவப்பு ஒளி பட்டால் அழுக்காகத்தான் தெரியும்.

தெம்பனிஸ்வாசி:
அந்தச் சுவரில் உங்கள் வெள்ளை ஒளியும் பச்சையாகத்தானே திரும்பும்? ஹைப்பீரியனில் பச்சையைக் குறைத்து ஓரளவு ஈடுகட்டலாம். செயலிப் படத்துக்குத் திரையை நோக்கிய சிறு கேமரா உதவும். ஆனால் மாலை வெயில் விழும் வரவேற்பறையில் அது நிறத்தைத் தவறாகப் படிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வயரிங் தம்பி:
அண்ணன்மார் இருவரும் மின்சாரத்தை மறந்துவிட்டீர்கள். 55 அங்குலத் திரையின் சுற்றளவு ஏறத்தாழ 3.8 மீட்டர். மீட்டருக்கு 60 விளக்குகள் என்றால் மொத்தம் 228. முழு வெள்ளையில் ஒன்று 60 மில்லியாம்ப் வரை இழுக்கும் என்பதால், 5 வோல்ட்டில் கிட்டத்தட்ட 14 ஆம்ப் ஆகிறது. தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையால் இதைத் தாங்க முடியாது. சிங்கப்பூர்ப் பாதுகாப்புக் குறி இல்லாத மலிவு அடாப்டரை, துணித்திரைக்குப் பக்கத்தில் இரவெல்லாம் செருகி வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது.

தெம்பனிஸ்வாசி:
உண்மைதான் தம்பி. முதலில் ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தேன். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்ட் தேவை என்பதால், மறுமுனை வெள்ளை செம்மையாகிவிட்டது. இரு முனைகளிலும் கம்பி இணைத்த பிறகே சரியானது. மென்பொருளில் 8 ஆம்ப் வரம்பும் வைத்திருக்கிறேன்.

ஈசூன்காரர்:
கணினித் திரைக்கு இது பொருந்தும், அங்கே மென்பொருளே நேரடியாகத் திரையைப் படித்துவிடும். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டில் ஒரு படம் முழுவதும் பார்த்த பிறகு சொல்கிறேன். அதுவரை வெள்ளைப் பட்டையைக் கழற்றுவதாக இல்லை.