மேபோல் ஆட்டத்துக்குத் தெருவை மூட வேண்டும், உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்துக் கிராமங்களில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மே முதல் திங்கள் விடுமுறையன்று எங்கள் ஊர்ப் புல்வெளியில் மேபோல் ஆட்டம். மேபோல் என்ற உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கும் வண்ண ரிப்பன்களைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் எதிரெதிராகச் சுற்ற, கம்பம் முழுக்கப் பின்னல் விழும். அவ்வளவு அழகு! ஆனால் புல்வெளியை உரசியபடி கார்கள் போகின்றன, பயமாக இருக்கிறது.

1847ஆம் ஆண்டு Town Police Clauses சட்டப்படி தெருவை மூட அனுமதி தருவது ஊர் அளவிலான உள்ளாட்சி மன்றமான பாரிஷ் கவுன்சில் அல்ல, அதற்கு மேலுள்ள மாவட்ட கவுன்சில். சரி, விண்ணப்பத்தோடு உங்களிடம் காப்பீடு, வரைபடம் எல்லாம் கேட்டார்களா? தடுப்புப் பலகைகளை எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள்?

அப்புறம், மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் நடத்த வேண்டிய வருடாந்திர பாரிஷ் கூட்டம் எங்கள் ஊரில் அடுத்த வாரம். வாக்காளர்களுக்கான கூட்டம் என்பதால் அங்கேயே இதைப் பேச நினைக்கிறேன். பேசிப் பழக்கமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.