அயடீனுக்குக் கட்டுப்படாத தைரொயிட் புற்றுநோய்: கலியம் 68 ஸ்கேன் பற்றி ஓர் உதவி

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். 61 வயதான என் அம்மாவின் பப்பிலரி வகைத் தைரொயிட் புற்றுநோய், கதிரியக்க அயடீனுக்குக் கட்டுப்படாத நிலைக்கு வந்துவிட்டது.

2019இல் சுரப்பியை முழுவதுமாக அகற்றினார்கள். அதன் பின்னர் தவணைகளாகக் கொடுத்த அயடீன் 131 மொத்தம் 450 மில்லிகியூரி. கடைசித் தவணையை அடுத்து எடுத்த முழுவுடல் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ஆனால் இந்தப் புற்றுநோயின் அடையாளமாக இரத்தத்தில் பார்க்கும் தைரோகுளோபுலின் என்ற புரதம் ஒரே ஆண்டில் 38இலிருந்து 210க்கு ஏறியிருக்க, கதிரியக்கக் குளுக்கோசை ஏற்றி எடுக்கும் எஃப்டிஜி பெட் ஸ்கேனில் இரு நுரையீரல்களிலும் கழுத்து நிணநீர்க் கணுக்களிலும் கட்டிகள் தெளிவாகத் தெரிந்தன. அதாவது, அவை அயடீனை விட்டுவிட்டுக் குளுக்கோசை இழுக்கின்றன. இரவில் வறட்டு இருமல் விடுவதில்லை. புற்றுநோய் வளர்ச்சியைத் தடுக்கக் கொடுத்த சொராஃபெனிப் மாத்திரையால் உள்ளங்கைத் தோல் உரிந்து, மீன் வெட்டக் கத்தியைப் பிடிக்கவே முடியாமற் போனதால், டொக்டர் அதை நிறுத்திவிட்டார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் இயல்பாகவே உள்ளன.

இப்போது டொக்டர் எடுக்கச் சொல்வது கலியம் 68 டோட்டாடேட் பெட் ஸ்கேன். சோமாடோஸ்டேட்டின் என்ற ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளை இது காட்டும். கட்டிகளில் அந்த ஏற்பிகள் போதியளவு இருந்து, அவை ஈரலை விடக் கூடுதலாக ஒளிர்ந்தால் மட்டுமே அதே ஏற்பிகள் வழியே கட்டிகளுக்குக் கதிர்வீச்சைக் கொண்டுசெல்லும் லுட்டேசியம் 177 சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாமாம். ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் தோன்றும் நாளமில் நரம்புக் கட்டிகளுக்கு நிலைபெற்றுவிட்ட இச்சிகிச்சை, தைரொயிட் நோயாளர்களில் சிலருக்கே பொருந்துகிறது என்பதால், ஸ்கேனைப் பார்க்காமல் சிகிச்சைச் செலவுக்காகக் காணியை விற்கத் துணிவது வீண் என்றே நினைக்கிறேன்.

தைரொயிட் புற்றுநோய்க்காக இந்த ஸ்கேனைக் கொழும்பிலோ தென்னிந்தியாவிலோ செய்தவர்கள் இருந்தால், எங்கே, என்ன செலவில் செய்தீர்கள் என்று சொல்வீர்களா?