வேஷத்துக்கா, உடுத்தறதுக்கா? பழைய பாணி உடுப்பும் வழியில் கேட்ட பேச்சும்

சென்னையிலிருந்து

ஐம்பது, அறுபதுகளின் பாணியில் ரவிக்கை தைத்து அன்றாடம் உடுத்துகிறவள் நான். பஃப் கை, கழுத்தை ஒட்டிய வெட்டு, வாயில் என்கிற மெல்லிய பருத்திப் புடவை, சில நாள் சுங்குடி. கல்யாணத்துக்கு மட்டும் இல்லை; ஆபீசுக்கும் ரேஷன் கடைக்கும் இதுதான். பார்க்கிறவர்கள் சொல்வதையும் கேட்பதையும் இங்கே எழுதலாமே என்று தோன்றியது. உங்களுடையதையும் போடுங்கள்.

ஆபீசில் எப்போதும் ஒரே கேள்விதான்: "இன்னிக்கு என்ன விசேஷம்?" ஒன்றும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். லிஃப்டில் ஒருவர், "ரீல்ஸ் எடுக்கறீங்களா மேடம்?" என்றார். அதெல்லாம் பழகிவிட்டது. தாம்பரம் ரயிலில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கேட்காமல் கொள்ளாமல் என் கை ஓரத்தைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். "ஓவர்லாக் அடிக்கலையா? பிசிறை மடிச்சே தைச்சிருக்கியே!" (துணி ஓரம் பிசிறாமல் மெஷினில் அடிக்கிற தையல்தான் ஓவர்லாக்.) அப்புறம் தோளை இரண்டு விரலால் அழுத்தி, "உள்ள என்ன வச்சிருக்க, இப்படி நிக்குது?" என்றார். ஆர்கண்டி என்றேன், விறைப்பாக நிற்கிற மெல்லிய பருத்தித் துணி. "எங்க தையக்காரர் கஞ்சி போட்ட மல்லுத்துணி வைப்பார்" என்று சொல்லிவிட்டு, எழும்பூர் வரும்வரை அந்தத் தையல்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார். தீபாவளிக்குக் கொடுத்த துணியைப் பொங்கலுக்குத்தான் தருவாராம்.

தைக்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. கையை வெட்டும்போது மேல் வளைவை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொள்ளுங்கள். அந்த வளைவில் மட்டும் பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி நூலை இழுத்தால் சுருக்கம் தோளின் உச்சியில் வந்து கூடும். அக்குள் பக்கம் சுருக்கமே வரக் கூடாது. வந்தால் கை தூக்கும்போதெல்லாம் உறுத்தும். நான் ரவிக்கைக்கு எடுக்கிற டூ பை டூ துணி மெத்தென்று படிந்துவிடுகிற ரகம். அதனால்தான் சுருக்கத்துக்கு அடியில் ஆர்கண்டித் துண்டு ஒன்றை மடித்து வைத்துத் தைக்கிறேன்.

மதுரையிலிருந்து

அக்கா, நீங்கள் சொல்கிற "என்ன விசேஷம்" கேள்வியையே எங்கள் ஊர் தையல்காரர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார். புது மண்டபத்தில் தையல் கடைகள் இருந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருமலை நாயக்கர் காலத்து மண்டபம். சிலைத் தூண்களுக்கு இடையில் வரிசையாக மெஷின் ஓடும். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருந்த ஒருவரிடம் பாட்டியின் கல்யாணப் போட்டோவைக் காட்டி, இதே மாதிரி ரவிக்கை வேண்டும் என்றேன். போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வேஷத்துக்கா, உடுத்தறதுக்கா?" என்றார்.

கிண்டல் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு, கருப்பசாமி வேஷம் எல்லாம் தைத்துப் பழகியவர். வேஷத்துக்கு என்றால் தையலுக்கு உள்ளே துணி விட வேண்டியதில்லை, திருவிழா முடியும்வரை தாங்கினால் போதும். உடுத்துவதற்கு என்றால் பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடுவார். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். கொக்கிப் பட்டிக்கும் இரட்டைத் துணி. உடுத்தறதுக்கு என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் வேலை சம்பந்தப்பட்டதுதான். மெஷின்ல துவைப்பியா? பஸ்ஸுல கம்பியப் பிடிச்சு நிப்பியா? நிற்பேன் என்றதும் கையின் சுற்றளவை அரை அங்குலம் கூட்டி எழுதிக்கொண்டார்.

சுங்குடி பற்றி எழுதியிருந்தீர்கள். மெழுகு அச்சுப் போட்டதுதான் இன்று கடைகளில் அதிகம். உண்மையாகவே முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிய சுங்குடி என்றால், முடிச்சை அவிழ்த்த இடமெல்லாம் துணி குட்டிக் குட்டியாகக் கூம்பி நிற்கும். அதை இஸ்திரி போட்டு அமுக்காமல் கட்டுகிறவள் நான். எங்கள் தெருவில் சௌராஷ்டிரப் பாட்டி ஒருவர், சின்ன வயதில் முடிச்சுப் போட்டவர். என்னைப் பார்த்தால் நிறுத்தி முந்தானையைத் தடவிப் பார்ப்பார். புடவையைப் பாராட்டுகிறார் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, முடிச்சு ஒழுங்காக வரிசையில் விழுந்திருக்கிறதா என்று சரிபார்க்கிறார்! மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-ல். அதைச் சொன்னபோது, "அந்தக் காலத்துல கூலிய ஏத்திக் குடுத்திருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

குன்னூரிலிருந்து

என் கதை தலைகீழ். இங்கே கையில்லாத ஸ்வெட்டரைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாதி ஊர் அப்படித்தான் போகிறது. அதையே மார்கழியில் சென்னைக்குப் போட்டுக்கொண்டு வந்தால், "காய்ச்சலா தம்பி?" ஆமாம், நான் ஆண். பின்னுவதும் நான்தான். பஸ்ஸில் ஊசியை எடுத்தால் முதலில் பார்ப்பது பள்ளிப் பிள்ளைகள். சுற்றியிருக்கும் பெண்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருக்கும் தெரியாதா?" என்பார்கள். வீட்டில் பெண்கள் யாருக்கும் பின்னத் தெரியாதா என்று அர்த்தம். தெரியும்ங்க, அம்மாதான் எனக்கே சொல்லிக் கொடுத்தார்.

புது உல்லன் நூல் வாங்குவது குறைவு. பழைய ஸ்வெட்டரைப் பிரித்துத்தான் பின்னுகிறேன். சந்தையில் பழைய துணிக் குவியலில் நான் முதலில் பார்ப்பது நிறமோ அளவோ இல்லை, உள்பக்கத் தையல். பக்கவாட்டில் ஓவர்லாக் அடித்திருந்தால் பின்னிய துணியை வெட்டித் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகத்தான் வரும். ஓரங்கள் வெட்டுப்படாமல் சங்கிலி மாதிரி முழுசாக இருந்து, ஊசியால் கோர்த்து இணைத்திருந்தால் சரி. தையலை மட்டும் பிரித்துவிட்டால் கழுத்துப் பக்கத்திலிருந்து நூல் சரசரவென்று வந்துகொண்டே இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து, அடியில் லேசான கனம் ஏதாவது மாட்டித் தொங்கவிடுவேன். சுருட்டை போன பிறகு பந்தாகச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் என்னை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். இப்போது நான் போனால் கையால் பின்னியதாகப் பார்த்து அவரே எடுத்து வைக்கிறார். விலையையும் ஏற்றிவிட்டார், அது வேறு விஷயம்.

நாகர்கோவிலிலிருந்து

எல்லாரும் பாட்டிகள் சந்தோஷப்பட்டதை எழுதுகிறீர்கள். எங்கள் ஆச்சி சந்தோஷப்படவில்லை. பழைய குப்பாயம் மாதிரி இடுப்புவரை தொளதொளவென்று, முழுக்கை வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றைப் பருத்தியில் தைத்து, கழுத்தில் லேஸ் வைத்து, முண்டோடு உடுத்திக் கோவில் அசனத்துக்குப் (சர்ச்சில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து) போனேன். ஊரில் எல்லாரும் அழகு என்றார்கள். ஆச்சி மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு, "இதப் போடதுக்கு நம்ம ஆளுவ அடி வாங்கினாவ மக்ளே, நீ வெளையாட்டுக்குப் போடுத" என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது அன்று திருவிதாங்கூர். நாடார் பெண்கள் மேலுடுப்பு அணிந்ததற்காகச் சந்தையிலும் தெருவிலும் துணியைக் கிழித்த காலம் அது. பல பத்தாண்டுகள் கலவரம் நடந்த பிறகு, மேலுடுப்பு அணியலாம் என்று 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்தரவு போட்டார். அதிலும் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள்: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாதாம். நான் கழுத்தில் வைத்த லேஸுக்கும் இதே காலத்துக் கதை உண்டு. 1820-களில் மிஷனரிகளின் வீட்டுப் பெண்கள் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் அடிமைத்தனத்திலிருந்து விலை கொடுத்து மீண்ட பெண்களும் உண்டு.

ஆச்சி சொன்னதற்குப் பிறகு அதைப் போடாமல் இல்லை. ஆனால் மதுரைத் தையல்காரரின் கேள்வியை வாசித்ததும் எனக்கு ஆச்சியின் முகம்தான் வந்தது. நான் அன்று போட்டது வேஷம்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். இப்போது அதே சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன். லேஸில் கறை பிடித்திருக்கிறது என்று ஆச்சி திட்டுகிறார். முன்னதைவிட இந்தத் திட்டு எவ்வளவோ தேவலை.

ஈரோட்டிலிருந்து

நாகர்கோவில்காரர் சொன்னதில் பாதி எங்கள் வீட்டிலும் நடந்தது. பழைய ரவிக்கை ஒன்றைப் பார்த்து, அக்குளில் சதுரத் துண்டு ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தேன். கை நன்றாகத் தூக்கலாம், கிழியாது. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, துணி பத்தலயா?" என்றார். யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் துணிக்குக் கண்ட்ரோல் இருந்ததே, அப்போது அவருடைய அம்மா கிடைத்த துண்டுகளை எல்லாம் இணைத்துத்தான் ரவிக்கை தைப்பாராம். நாம் பாணி என்று ரசிப்பதில் சரிபாதி அன்று துணிப் பஞ்சம்தான் போலிருக்கிறது.

நியூ ஜெர்சியிலிருந்து

சுருக்கமாக ஒன்று. அறுபதுகளின் பாணியில் மெட்ராஸ் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை தைத்துப் போட்டிருந்தேன். துணி ஊரிலிருந்து கொண்டுவந்த லுங்கி. கடையில் வரிசையில் நின்ற அமெரிக்கத் தாத்தா ஒருவர், "இது சாயம் போகுமா?" என்று ஆசையாகக் கேட்டார். அன்று இங்கே விற்ற மெட்ராஸ் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதலில் ஜனங்கள் கோபப்பட்டார்களாம். அப்புறம் சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். போகாது, நல்ல சாயம் என்றேன். தாத்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அம்மாவிடம் போனில் சொன்னால், "சாயம் போற லுங்கிய எவன் வாங்குவான்?" என்கிறார்.

சென்னையிலிருந்து, மறுபடியும்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஈரோட்டுக்காரர் அந்த அக்குள் துண்டின் அளவைப் போட்டால் நன்றாக இருக்கும். இன்னொரு சந்தேகம். என்னுடையது மாமியாரின் பழைய கால்மிதி மெஷின். மிதித்தால் சக்கரம் வழுக்குகிறது, தையல் நிற்கிறது. பார்க்க வந்தவர், "மோட்டார் மாட்டிடலாம்ங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்கு மோட்டார் வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து

துண்டு மூன்று அங்குலச் சதுரம், தையலுக்கு உள்ளே போவது சேர்த்து. குறுக்கு மூலை கைப்பக்கம் வருகிற மாதிரி திருப்பி வையுங்கள். மெஷினுக்கு மோட்டார் எதற்குங்க? தோல் பெல்ட் இழுபட்டிருக்கும், அவ்வளவுதான். கம்பிக் கொக்கியைக் கழற்றி, பெல்ட்டில் அரை அங்குலம் வெட்டிவிட்டு, ஆணியால் புது ஓட்டை போட்டு மறுபடி கோர்த்துவிடுங்கள். ரொம்ப இறுக்கிவிடாதீர்கள், மிதிக்கக் கனமாகிவிடும். பெல்ட்டில் எண்ணெய் பட்டாலும் வழுக்கும், துடைத்துவிட்டு மாட்டுங்கள்.