மலையில் கச்சேரி செய்பவர்களே, பாட்டு உரிமை விஷயத்தில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

குன்னூர் கீபோர்டு:
புத்தாண்டு இரவு, ஊட்டி பக்கம் ஒரு ரிசார்ட். சவுண்ட் செக் நடக்கும்போது மேலாளர் வந்து, "பாட்டு லைசென்ஸ் காப்பி கொடுங்க" என்றார். ஏஜென்டைக் கேட்டால் அது ஹோட்டல் வேலை என்கிறார். ஹோட்டலோ ஆர்கெஸ்ட்ரா வேலை என்கிறது. பனியில் டோலக் தோல் தொய்ந்துபோய், எங்கள் ஆள் அதை ஹீட்டர் பக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தக் கவலையே இல்லை. கடைசியில் ரிசார்ட்டே பணம் கட்டியது.

விசாரித்ததில் தெரிந்தது இது. இந்த மாதிரி கட்டண நிகழ்ச்சியில் நாம் நேரடியாக வாசித்தால், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்குக்கு ஐ.பி.ஆர்.எஸ். (அவர்களுக்காக உரிமைத் தொகை வசூலிக்கும் சங்கம்) அனுமதி வேண்டும். இடைவேளையில் டி.ஜே. ஒரிஜினல் பாட்டையே ஓட்டினால், அந்த ஒலிப்பதிவுக்குத் தனி அனுமதி. லாபத்துக்கு இடம் கொடுத்தவரையும் சட்டம் பிடிக்கும், அதனால் ஹோட்டல் கையை விரிக்க முடியாது. அதற்காக நாம் தப்பித்தோம் என்றும் இல்லை. இப்போதெல்லாம் அட்வான்ஸ் வாங்கும்போதே "லைசென்ஸ் பார்ட்டி பொறுப்பு" என்று வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுகிறேன்.

கொடைக்கானல் தபேலா:
எங்களுக்குத் தொல்லை வந்தது கல்யாண ரிசப்ஷனில். மண்டபத்தில் ஒருவர் பெண் வீட்டாரிடம் பாட்டு உரிமைக்கென்று பணம் கேட்டார். பெண்ணின் சித்தப்பா வக்கீல். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் மதச் சடங்குகளுக்கு விலக்கு உண்டு, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று போனிலேயே எடுத்துக் காட்டினார். 2023 ஜூலையில் மத்திய அரசும் இதையே அறிவிப்பாக விட்டிருக்கிறது. கேட்டவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. பிறந்தநாள் பார்ட்டிக்கெல்லாம் இதைக் காட்டிப் பேசாதீர்கள், செல்லாது.

கோத்தகிரி பாடகர்:
நாம் கொடுக்க வேண்டியதையே எல்லோரும் பேசுகிறீர்கள். 2017இல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதிலிருந்து இதே பேச்சுத்தான். நமக்கு வர வேண்டியது என்ன ஆச்சு?

மாரியம்மன் திருவிழாவில் நாங்கள் பாடியதை ஒருவர் முழுசாகப் படம் பிடித்து, தன் யூடியூப் சேனலில் விளம்பரத்தோடு ஏற்றிவிட்டார். போன் போட்டுக் கேட்டால், "பாட்டு உங்க பாட்டாண்ணே?" என்கிறார். பாட்டு என்னுடையது இல்லைதான். பாடியது என் தொண்டை ஆயிற்றே! 1994 திருத்தத்திலிருந்து நிகழ்த்துபவருக்கென்று தனி உரிமை இருக்கிறது. இப்போது அதன் காலம் 50 ஆண்டு. சம்மதம் இல்லாமல் பதிவு செய்து இப்படி ஏற்றக் கூடாது. நிகழ்த்துபவர் யார் என்று சட்டம் போட்டிருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள், பாடகர், வாத்தியக்காரரில் தொடங்கி பாம்பாட்டி வரைக்கும் இருக்கிறார்கள். "பாம்பாட்டிக்கு இருக்கிற மரியாதைகூட ஆர்கெஸ்ட்ராக்காரனுக்கு இல்லையா தம்பி?" என்றேன். சிரித்தார். வீடியோவை நீக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. பாட்டு உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனம் மெட்டை அடையாளம் கண்டு, பாட்டு தங்களுடையது என்று யூடியூபில் க்ளெய்ம் போட, விளம்பரக் காசு மொத்தமும் அங்கே போய்விட்டது. ஏற்றியவருக்கும் இல்லை, ராத்திரி முழுக்கக் குளிரில் நின்று பாடிய எங்களுக்கும் இல்லை. காசு வராது என்று தெரிந்ததும் ஏற்றியவரே வீடியோவை நீக்கிவிட்டார்!

கொடைக்கானல் தபேலா:
அண்ணே, ஒரு பக்தி ஆல்பத்துக்கு ஸ்டுடியோவில் வாசித்தேன். அன்றைக்கே மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது எல்லா ஆப்பிலும் ஓடுகிறது. எனக்கு ஏதாவது வருமா?

கோத்தகிரி பாடகர்:
வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் நிகழ்த்துபவருக்கு ராயல்டி உண்டு என்று 2012 திருத்தம் சொல்கிறது. ஆனால் கேட்டு வாங்குவது லேசில்லை. அன்றைக்கு வவுச்சரில் எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று முதலில் பார் தம்பி. காப்பி இல்லையென்றால் அவர்களிடமே கேள். பெயர் எங்காவது போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துச் சொல்.